இறங்கிய ரத்தம் ஏறி வருவது எப்படி?

ஒரு கையை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு அரை நிமிடம் அப்படியே இருங்கள். புறங்கையில் சிரைகள் புடைத்துக்கொண்டு எழும். இப்போது அந்தக் கையை மெல்ல, மிக மெல்ல, தோளை நோக்கி உயர்த்துங்கள். மார்பின் நடுமட்டத்தைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போனதும் புடைப்பு வற்றித் தோல் தட்டையாகிவிடும். இதயத்தின் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் சிரை வற்றுகிறதோ, ஏறக்குறைய அதுதான் இதயத்துக்குள் திரும்பி நுழையும் ரத்தத்தின் அழுத்தம். மருத்துவர் நம்மைச் சாய்வாகப் படுக்க வைத்துக் கழுத்தை உற்றுப் பார்க்கிறாரே, அவர் பார்ப்பதும் இதே அளவைத்தான். கழுத்துச் சிரை ததும்பி நின்றால், வந்த ரத்தத்தை இதயத்தின் வலப்பக்கம் வாங்கிக்கொள்ளத் திணறுகிறது என்று பொருள்.

ரத்த ஓட்டம் என்றதும் எல்லோரும் இதயம் அனுப்பும் பாதியைத்தான் பேசுகிறார்கள். திரும்பி வரும் பாதியில்தான் நுட்பம் அதிகம், கோளாறும் அதிகம். இந்தப் பதிவு பெரும்பாலும் அதைப் பற்றியது.

முதலில் சொற்களைக் கொஞ்சம் சரிசெய்துகொள்ளலாம். பேச்சு வழக்கில் சிரையை 'நரம்பு' என்கிறோம். 'நரம்பு கிடைக்கல' என்று ஊசி போடுபவர் சொல்வதும், 'காலில் நரம்பு சுருட்டிக்கிச்சு' என்பதும் சிரையைத்தான். நிஜ நரம்பு செய்தி கொண்டுபோகும் கம்பி. அதனுள் ரத்தம் ஓடாது. 'சுத்த ரத்தம், அசுத்த ரத்தம்' என்று பள்ளியில் படித்ததும் ஒரு தவறான எண்ணத்தை விட்டுப்போயிருக்கிறது. சிரையில் வருவது அழுக்கு ரத்தம் அல்ல. உடல் ஓய்வாக இருக்கும்போது அதில் ஏறத்தாழ 75 சதவீத ஆக்சிஜன் செலவாகாமல் மிச்சமிருக்கும். நிறமும் நீலமல்ல, கருஞ்சிவப்பு. தோலுக்குள் ஒளி புகுந்து சிதறித் திரும்பும் விதத்தால் நம் கண்ணுக்கு நீலமாகப் படுகிறது, அவ்வளவுதான். தமனி, சிரை என்று பிரிப்பதும் உள்ளே இருக்கும் ரத்தத்தை வைத்து அல்ல, திசையை வைத்து. இதயத்திலிருந்து போனால் தமனி, இதயத்துக்கு வந்தால் சிரை. நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம்தான்.

பாதை எளிது. உடலெங்கும் சுற்றிய ரத்தம் மேல், கீழ்ப் பெருஞ்சிரைகள் வழியாக இதயத்தின் வல மேலறையான வல ஏட்ரியத்தில் விழுகிறது. மூவிதழ் வால்வு வழியே கீழறையான வல வெண்ட்ரிக்கிள். அங்கிருந்து நுரையீரல் தமனி. நுரையீரலில் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு நுரையீரல் சிரைகள் வழியே இட ஏட்ரியம், ஈரிதழ் வால்வு, இட வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி, மறுபடியும் உடல். இரண்டு பம்புகள் ஒரே வரிசையில் இருப்பதால் வலப்பக்கம் ஒரு நிமிடத்தில் தள்ளும் அளவும் இடப்பக்கம் தள்ளும் அளவும் ஒன்றாக இருந்தே தீரவேண்டும். அழுத்தம்தான் வேறு: இடப்பக்கம் 120 மில்லிமீட்டர் பாதரசம் வரை ஏற்ற வேண்டும், நுரையீரல் அருகிலேயே இருப்பதாலும் அதன் குழாய்கள் தளர்வாக இருப்பதாலும் வலப்பக்கத்துக்கு 25 போதும். இட வெண்ட்ரிக்கிளின் சுவர் தடித்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஒரு துடிப்புக்கு சுமார் 70 மில்லி. நிமிடத்துக்கு 70 துடிப்பு. ஏறக்குறைய 5 லிட்டர். உடலில் இருக்கும் மொத்த ரத்தமும் அதே 5 லிட்டர் அளவுதான். அதாவது நிமிடத்துக்கு ஒருமுறை முழுச் சரக்கும் இதயத்தைக் கடக்கிறது, ஒரு நாளில் 7,000 லிட்டர். இந்த மாதிரிக் கணக்கை வைத்துத்தான் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் பழைய கொள்கையைக் கவிழ்த்தார். ரத்தம் கல்லீரலில் உண்டாகி உறுப்புகளில் செலவாகிவிடுகிறது என்று பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலிருந்து நம்பிவந்தார்கள். இதயம் தள்ளும் அளவைப் பெருக்கிப் பார்த்தால், அவ்வளவையும் உண்ணும் உணவிலிருந்து தினம் புதிதாக ஆக்கவே முடியாது. ஆக, போனதுதான் திரும்பி வருகிறது என்றார்.

அவர் காட்டிய இன்னொரு சான்றை இப்போதே உங்கள் கையில் செய்து பார்க்கலாம். முன்கையில் நேராக ஓடும் புடைத்த சிரை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மணிக்கட்டுப் பக்கம் அதன்மேல் ஒரு விரலை வைத்து அழுத்துங்கள். எடுக்காதீர்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கை நோக்கிச் சிரையை வழித்துவிட்டு, அந்த விரலை எடுத்துவிடுங்கள். மேலிருந்து ரத்தம் கொஞ்சம் பின்னால் வந்து ஒரு சிறு முடிச்சுப் போன்ற இடத்தில் நின்றுவிடும். அதற்குக் கீழே சிரை வெறுமையாகவே கிடக்கும். அந்த முடிச்சுதான் வால்வு. இப்போது முதல் விரலை எடுங்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் கீழிருந்து நிரம்பிவிடும். இந்த வால்வுகளை ஹார்வியின் ஆசிரியர் ஃபாப்ரிசியஸ் முன்பே விவரித்திருந்தார். ரத்தம் கீழே வேகமாகப் பாய்ந்து தேங்கிவிடாமல் தடுக்க இவை இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டார். அவை ஒரே திசைக் கதவுகள் என்பதைப் பிடித்தவர் மாணவர்.

ஹார்வியால் காட்ட முடியாதது ஒன்று இருந்தது: தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எப்படித் தாண்டுகிறது? அந்த நுண்குழாய்களை 1661-இல் தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தவர் இத்தாலிய மருத்துவர் மல்பீகி. நுண்குழாயின் விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர். சிவப்பணுவின் விட்டம் 7, 8 மைக்ரோமீட்டர். பல இடங்களில் அணு தன்னை மடித்து வளைத்துக்கொண்டு ஒற்றை வரிசையில்தான் போக முடியும்.

அழுத்தம் எங்கே விழுகிறது என்பது முக்கியம். பெருந்தமனியில் சராசரி 90-க்குச் சற்று மேல் இருக்கும் அழுத்தம் பெரிய தமனிகளில் பெரிதாகக் குறைவதில்லை. நுண்தமனிகளில்தான் சடாரென்று இறங்குகிறது. நுண்குழாயின் தொடக்கத்தில் சுமார் 35, முடிவில் சுமார் 15. நுண்தமனிகள் குழாயடித் திருகுகள் மாதிரி. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்பதால், சுவர்த் தசை சற்றே இறுகினாலும் விளைவு பெரிது. ஓடும்போது கால் தசைக்கு அள்ளிக்கொடுப்பதும், குளிரில் விரல் வெளுப்பதும் இந்தத் திருகுகளின் வேலை. அழுத்தம் மட்டுமல்ல, வேகமும் குறைகிறது, ஆனால் வேறு காரணத்தால். பெருந்தமனியின் குறுக்குப் பரப்பு சுமார் 2.5 சதுர செ.மீ.; எல்லா நுண்குழாய்களையும் அடுக்கி வைத்தால் சுமார் 2,500 சதுர செ.மீ. ஆறு ஏரியில் விழுந்த மாதிரி வேகம் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைகிறது. நுண்குழாயின் நீளம் ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கம்தான். அதைக் கடக்க ரத்தம் எடுத்துக்கொள்ளும் ஓரிரு விநாடிதான் ஆக்சிஜனும் கழிவும் கைமாறுவதற்குக் கிடைக்கும் நேரம்.

ஆக, சிரைக்குள் நுழையும் ரத்தத்திடம் மிச்சமிருப்பது 10, 15 மி.மீ. அழுத்தம். நிற்கும்போது பாதம் இதயத்துக்கு சுமார் 120 செ.மீ. கீழே இருக்கிறது. 10 செ.மீ. ரத்தத் தூண் ஏறக்குறைய 8 மி.மீ. பாதரசத்துக்குச் சமம் என்பதால், அசையாமல் நிற்பவரின் பாதச் சிரையில் அழுத்தம் 90 மி.மீ. வரை ஏறுகிறது. '15 மி.மீ. கையில் வைத்துக்கொண்டு 90 மி.மீ. மலையை எப்படி ஏறுவது?' என்று கேட்டால் கேள்வியே தவறு. புவியீர்ப்பு தமனித் தூணையும் அதே அளவு இழுக்கிறது; பாதத்தின் தமனியிலும் அதே 90 கூடுகிறது. வளைந்த குழாயின் ஒரு கையில் இறங்கும் நீர் மறுகையில் ஏறும் நீரைச் சமன்செய்வது போல இரண்டும் கழிந்துபோகும். குழாய் இரும்பாக இருந்திருந்தால் நின்றாலும் படுத்தாலும் ஓட்டம் ஒன்றுதான்.

சிக்கல், சிரை இரும்பு அல்ல என்பதுதான். மெல்லிய சுவர், எளிதில் விரியும். மொத்த ரத்தத்தில் 60 சதவீதத்துக்கு மேல் எந்நேரமும் சிரைகளில்தான் கிடக்கிறது. தமனிகளில் இருப்பது 15 சதவீதத்துக்கும் குறைவு. படுக்கையிலிருந்து எழுந்து நின்றதும் 500 முதல் 700 மில்லி கால், வயிற்றுப் பக்கச் சிரைகளுக்கு இறங்கி அங்கேயே தங்கிவிடுகிறது. அது வராதவரை இதயத்தால் அதை அனுப்ப முடியாது. வருகிற அளவுக்கு ஏற்பத்தான் இதயத் தசை நீண்டு, அதற்கேற்ற விசையுடன் சுருங்கும். ஃபிராங்க், ஸ்டார்லிங் என்ற இருவரின் பெயரால் வழங்கும் விதி இது. கடையில் சரக்கு இல்லாதபோது கடைக்காரரை விரட்டிப் பயனில்லை.

தங்கிய ரத்தத்தை மீட்கும் முதல் பம்பு கெண்டைக்கால் சதை. காலில் சிரைகள் இரண்டு அடுக்கு. தசைக்குள் ஓடும் ஆழ்சிரைகள், தோலுக்கடியில் ஓடும் மேற்சிரைகள். இரண்டையும் இணைக்கும் துளைச்சிரைகளில் வால்வு மேற்சிரையிலிருந்து ஆழ்சிரையை நோக்கி மட்டுமே திறக்கும். காலின் ரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு போவது ஆழ்சிரை வழியாக. அடி எடுத்து வைக்கும்போது கெண்டைச் சதை இறுகுகிறது. சதையைச் சுற்றி விரியாத உறை ஒன்று இருப்பதால் அது வெளியே புடைக்க முடியாமல் உள்ளேயிருக்கும் ஆழ்சிரையை நசுக்குகிறது. கீழ் வால்வு மூடிக்கொள்ள, ரத்தத்துக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. சதை தளர்ந்ததும் ஆழ்சிரை வெறுமையாகி, மேற்சிரையிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. பத்து அடி நடப்பதற்குள் பாதச் சிரை அழுத்தம் 90-இலிருந்து 30-க்குப் பக்கம் இறங்கிவிடும். நடையை நிறுத்தினால் மறுபடி 90-க்கு ஏற, வால்வுகள் நன்றாக இருப்பவருக்கு 20 விநாடிக்கு மேல் ஆகும். வால்வு கெட்டவருக்கு அதற்குள்ளாகவே நிரம்பிவிடும், மேலிருந்து ஒழுகுவதால். இந்த நேரத்தை அளந்தே கோளாறைக் கண்டுபிடிக்கும் சோதனை உண்டு.

இரண்டாவது பம்பு மூச்சு. மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழிறங்கி நெஞ்சறையில் அழுத்தம் குறைகிறது, வயிற்றறையில் கூடுகிறது. வயிற்றின் பெருஞ்சிரை பிழியப்படுகிறது, நெஞ்சுப் பக்கம் உறிஞ்சப்படுகிறது. மூச்சைப் பிடித்து முக்கும்போது இது தலைகீழாகும். நெஞ்சறையின் அழுத்தம் ஏறித் திரும்பி வரும் ரத்தம் தடைபடும். மலச்சிக்கலில் முக்குபவர்களும் கனமான பளுவை மூச்சடக்கித் தூக்குபவர்களும் கண் இருட்டித் தள்ளாடுவது இதனால்தான். பளுவைத் தூக்கும்போது மூச்சை வெளியே விடச் சொல்வது சம்பிரதாயத்துக்கு அல்ல.

எழுந்து நிற்கும் அந்த நொடிக்கு மூன்றாவதாக ஓர் ஏற்பாடு. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் சுவர் நீட்சியை உணரும் முனைகள் உள்ளன. அழுத்தம் சரிந்ததும் ஓரிரு துடிப்புக்குள் மூளைத்தண்டுக்குத் தகவல் போய், இதயம் வேகமெடுக்கிறது, நுண்தமனிகளும் சிரைகளும் இறுகுகின்றன. முதியவர்கள், நீர்ச்சத்து வற்றியவர்கள், நீண்டகால நீரிழிவால் நரம்பு பழுதானவர்கள், ரத்த அழுத்த மாத்திரையும் புராஸ்டேட் மாத்திரையும் சேர்த்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு இது தாமதமாகும். சோதிக்கும் முறை: 5 நிமிடம் படுத்திருந்து அழுத்தம் பாருங்கள், எழுந்து நின்று 1-ஆவது நிமிடமும் 3-ஆவது நிமிடமும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேலோ இறங்கினால் மருத்துவரிடம் மாத்திரைப் பட்டியலோடு போக வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. அளக்கும்போது கை தொங்கினால் கணக்கு கெட்டுவிடும். மேலே சொன்ன அதே கணக்குதான்: பட்டை இதயத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தால் 8 மி.மீ. கூடுதலாகக் காட்டும்.

இரவில் எழுபவர்கள் கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை இருபது, முப்பது முறை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழுந்தால் பல விபத்துகளைத் தவிர்க்கலாம். அசையாமல் வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தால் குதிகாலை அவ்வப்போது உயர்த்தி இறக்குங்கள். மயங்கிச் சரிந்தவரைத் தாங்கிப் பிடித்து நிற்க வைப்பதுதான் சுற்றியிருப்பவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. கீழே விழுவது உடல் தனக்குத்தானே செய்துகொள்ளும் வைத்தியம்: கிடைமட்டமானதும் காலில் தங்கிய அரை லிட்டரும் தானாக இதயத்துக்கு வரும். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் போதும். தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தால் மூளைக்குப் போகவேண்டிய ரத்தம் போகாது.

வால்வு கெட்டால் என்ன ஆகும்? தொடை இடுக்கில் மேற்சிரை ஆழ்சிரையோடு சேரும் இடத்து வால்வு தளர்ந்தால், அதன் மேலே இருக்கும் ரத்தத் தூணின் எடை முழுவதும் அடுத்த வால்வின் மேல் விழும். அதுவும் விரியும், அடுத்ததும் விரியும். சிரை நீண்டு நெளிந்து வெரிகோஸ் ஆகிறது. கணுக்காலின் உட்புறத்துக்குச் சற்று மேலே தோல் பழுப்பாவது அடுத்த கட்டம். ஓயாத அழுத்தத்தால் நுண்குழாயிலிருந்து கசிந்த சிவப்பணுக்களின் இரும்பு தங்கிய கறை அது. அரிப்பு, தோல் இறுகல், பிறகு ஆறாத புண். புண்ணுக்கு மேலே எத்தனை மருந்து பூசினாலும், உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் குறைக்காமல் அது ஆறாது. லேசர், ரேடியோ அலை முறைகளில் கெட்ட சிரையை மூடிவிடுவார்கள். 'மூடிவிட்டால் ரத்தம் எதில் போகும்?' என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஆழ்சிரையில்தான். அந்தக் கெட்ட சிரை ரத்தத்தை ஏற்றவில்லை, இறக்கிக்கொண்டிருந்தது. ஆழ்சிரை திறந்திருக்கிறதா என்று முதலில் டாப்ளர் ஸ்கேனில் பார்ப்பது இதற்காகவே.

கால் வீக்கம் எல்லாம் ஒன்றல்ல. நுண்குழாயிலிருந்து கசியும் நீரில் மீளாத சில லிட்டரை நிணநீர்க் குழாய்கள் தினமும் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கசிவு அதைவிடக் கூடினால் வீக்கம். முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பின் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி நின்றால் நீர்க்கட்டு. இரண்டு காலும் வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல், மாத்திரை என்று தேட வேண்டும். அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை ஒரு நல்ல உதாரணம்: நுண்தமனியைத் திறக்கும், சிரையை அந்த அளவுக்குத் திறக்காது, நடுவில் மாட்டிய நுண்குழாயில் அழுத்தம் ஏறிக் கசியும். உடலில் நீர் மிகுந்ததால் வந்த வீக்கம் இல்லை என்பதால் நீர் பிரிய வைக்கும் மாத்திரை இதற்குச் சரியாகக் கேட்காது.

ஒரே கால், திடீரென்று, கெண்டைச் சதையில் வலியும் சூடும் சேர்ந்து வீங்கினால் வேறு கதை. ஆழ்சிரையில் உறைவு இருக்கலாம். ஓட்டம் மந்தமாவது, குழாய்ச் சுவர் காயப்படுவது, ரத்தம் எளிதில் உறையும் நிலை இந்த மூன்றும்தான் காரணங்கள். அறுவை சிகிச்சை, நெடும்பயணம், காலில் மாவுக்கட்டு, கர்ப்பம், புற்றுநோய் எல்லாம் இவற்றில் ஏதாவது ஒன்றில் அடங்கும். அந்தக் காலை உருவிவிடாதீர்கள். பெயர்ந்த ரத்தக்கட்டி கீழ்ப் பெருஞ்சிரை, வல இதயம் என்று அகன்ற பாதையில் தடையின்றிப் போய் முதன்முதலில் குறுகும் இடத்தில் மாட்டும். அது நுரையீரல் தமனி. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் காத்திருக்க நேரமில்லை, அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

வெரிகோஸ் சிரை உடைந்து ரத்தம் பீய்ச்சினால் பலர் செய்வது மேலே இறுக்கிக் கட்டுவது. அது சிரை திரும்பும் வழியை அடைத்து, கசிவை இன்னும் கூட்டும். படுக்க வைத்து, காலை இதயத்தைவிட உயரத் தூக்கி, உடைந்த இடத்தின்மேலேயே சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். தூண் கவிழ்ந்துவிட்டதால் அழுத்தம் போய்விடும், பெரும்பாலும் நின்றுவிடும். நின்றாலும் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

கடைசியாக அழுத்தக் காலுறை. கணுக்காலில் அதிக இறுக்கம், மேலே போகப்போகக் குறைவு என்பதுதான் அதன் சூத்திரம். லேசான வீக்கத்துக்கு 15–20 மி.மீ., வெரிகோஸுக்கு 20–30 என்று அளவுகள் உண்டு. ஒட்டகச்சிவிங்கிக்கு அந்த நீளக் காலில் தோலே இப்படி இறுக்கமாக அமைந்திருக்கிறது. நமக்குக் கடையில் வாங்க வேண்டியிருக்கிறது. காலையில் படுக்கையைவிட்டு எழும் முன்பே போட வேண்டும். நின்று, கால் நிரம்பிய பிறகு போட்டால் நிரம்பியதைச் சிறைப்படுத்துவதுதான் மிச்சம். மேல் விளிம்பை மடித்துவிடாதீர்கள், அந்த மடிப்பு கயிறு கட்டியது போலாகிவிடும். கால் தமனியில் அடைப்பு உள்ளவர்களும், நடந்தால் கெண்டைக்கால் பிடித்து நின்றால் விடுகிறவர்களும் கேட்காமல் அணியக் கூடாது; கணுக்காலில் அளக்கும் ரத்த அழுத்தம் கையில் அளப்பதில் பாதிக்கும் கீழே இருந்தால், இறங்கி வருவதற்கே வழியில்லாத காலில் காலுறை மீதி ஓட்டத்தையும் நெரித்துவிடும்.